எட்டு ரிங்கிட், ஒரு ரிங்கிட்: மலேசியா ஏர்லைன்ஸ் நட்டத்தின் வரலாறு

2001ஆம் ஆண்டில் மலேசியாவில் இரண்டு விமான நிறுவனங்கள் கைமாறின. தேசிய விமான நிறுவனமான மலேசியா ஏர்லைன்ஸில் தாஜுதீன் ரம்லி என்ற தொழிலதிபர் வைத்திருந்த பங்குகளை, பங்குக்கு 8 ரிங்கிட் வீதம் 179 கோடி ரிங்கிட் கொடுத்து அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. 1994இல் அவர் வாங்கியதும் அதே 8 ரிங்கிட்டுக்குத்தான். ஆனால் திரும்ப வாங்கியபோது பங்குச் சந்தையில் அதன் விலை 4 ரிங்கிட்டைக்கூடத் தொடவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் ஏர் ஏசியா என்ற நொடித்துப்போன நிறுவனத்தை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். அதோடு சுமார் 4 கோடி ரிங்கிட் கடனும் இரண்டு போயிங் 737 விமானங்களும் வந்தன.

அடுத்த இருபதாண்டு மலேசிய வான்வழிப் போக்குவரத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நிறுவனங்களையும் எதிரெதிரே நிறுத்திவிடுவார்கள். மலிவுக் கட்டணக்காரன் வந்தான், தேசிய நிறுவனம் சாய்ந்தது என்பதோடு கதை முடிந்துவிடும். கணக்கேடுகளின் வரிசையைப் பார்த்தால் இந்த விளக்கம் போதாது என்றே எனக்குப் படுகிறது. ஏர் ஏசியா வருவதற்கு முன்பே மலேசியா ஏர்லைன்ஸ் கடனில் இருந்தது. ஏர் ஏசியா செய்த காரியம் வேறு. ஓர் இருக்கையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்க்க உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை தேசிய நிறுவனத்தின் நட்டத்தில் எவ்வளவு நாட்டுக்கான கடமையால் வந்தது, எவ்வளவு நிர்வாகக் கசிவால் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்ற அவசரமும் யாருக்கும் இல்லை.

அந்தக் கடமையின் வேர் 1972இல் இருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் கூட்டாக நடத்திவந்த விமான நிறுவனம் அந்த ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூருக்கு உள்நாட்டுத் தடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அது உலகத் தடங்களையும் பெரிய ஜெட் விமானங்களையும் எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுப் பயணியின் பணத்தில் பிழைக்கப் பழகியது. மலேசியாவின் பங்குக்கு உள்நாட்டு வலைப்பின்னலும் ஃபோக்கர் விமானங்களும் வந்தன. தென்சீனக் கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவில் இருக்கும் சபாவையும் சரவாக்கையும் தீபகற்பத்தோடு இணைத்து வைப்பது புதிய நிறுவனத்தின் முதல் வேலை. ரயிலோ சாலையோ அந்தக் கடலைத் தாண்டாது. விமானம் அங்கே ஆடம்பரமல்ல, ஒரே தேசமாக இருப்பதற்கான ஏற்பாடு.

சரவாக்கின் மேட்டுநிலத்தில் இருக்கும் பாரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கெலாபிட் மக்களின் ஊர். அங்கே போகிற டுவின் ஆட்டர் விமானத்தில் 19 பேர் உட்காரலாம். ஏறுவதற்கு முன் பெட்டியோடு பயணியையும் எடை போடுவார்கள். மலைகளுக்கு நடுவில் இருக்கும் குட்டை ஓடுதளத்தில் இறங்கும் விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மேகம் இறங்கிவிட்டால் பயணம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். மருத்துவமனைக்குப் போகிறவர், பள்ளி விடுமுறைக்கு வருகிற பிள்ளை, கடைக்குச் சரக்கு வாங்கியவர் எல்லாருக்கும் அதே 19 இருக்கைகள்தாம். இதில் லாபம் பார்க்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. பார்க்கவும் கூடாது என்பது என் கருத்து.

சிக்கல் என்னவென்றால், பாரியோவுக்கான செலவும் புவெனஸ் அயர்ஸுக்கான செலவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. கோலாலம்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா வழியாக அர்ஜென்டினா வரை மலேசியா ஏர்லைன்ஸ் பல ஆண்டுகள் பறந்தது. தென்னுலக நாடுகளின் ஒத்துழைப்பைப் பிரதமர் மகாதீர் உலக மேடைகளில் முன்வைத்த காலத்தில் அந்தத் தடம் நாட்டின் முகவரி அட்டையாக இருந்தது. பயணி எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. 2012இல்தான் அது மூடப்பட்டது. உள்நாட்டுக் கட்டணத்தை உயர்த்தவும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 2003இல் உணவு தயாரிப்புப் பிரிவைத் தனியாருக்கு விற்றபோது, அவர்களிடமே 25 ஆண்டுக்கு உணவு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார்கள். மூன்றும் மூன்று வகைச் செலவு. முதலாவது அரசியல், இரண்டாவது மக்கள்நலம், மூன்றாவது வெறும் தவறான பேரம். ஆண்டறிக்கையில் மூன்றும் நட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

2002இல் அரசு ஒரு பெரிய சீரமைப்பைச் செய்தது. பெனர்பாங்கான் மலேசியா என்ற அரசு நிறுவனம் விமானங்களையும் அவற்றுக்கான கடனையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, விமானங்களை மலேசியா ஏர்லைன்ஸுக்கே வாடகைக்கு விட்டது. உள்நாட்டுச் சேவையின் லாபநட்டமும் அந்த நிறுவனத்தின் தலைக்குப் போனது. ஏடு உடனே பளபளத்தது. 2004 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 46 கோடி ரிங்கிட் லாபம் காட்டினார்கள். வீட்டுக் கடனைத் தம்பி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, மாதச் செலவு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவது போன்ற லாபம் அது. விமானம் ஒன்றை ஒரு மணி நேரம் பறக்கவிட ஆகும் செலவு குறையவில்லை. ஒரு விமானம் நாளொன்றுக்குத் தரையில் நிற்கும் நேரமும் பழையபடிதான் இருந்தது.

இந்த இடத்தில் ஏர் ஏசியாவின் வேலைமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலிவுக் கட்டணம் என்றால் சாப்பாடு கொடுக்காததும் பெட்டிக்குக் காசு வாங்குவதும் என்றே பலர் நினைக்கிறார்கள். அவை சில்லறை. பெரிய தொகை இருக்கை எண்ணிக்கையிலும் நேரத்திலும் இருக்கிறது. ஏர் ஏசியாவின் ஏர்பஸ் 320 விமானத்தில் 180 இருக்கைகள். ஏறத்தாழ அதே அளவுள்ள போயிங் 737-800 விமானத்தில் மலேசியா ஏர்லைன்ஸ் முதல் வரிசைகளில் 16 சொகுசு இருக்கைகள் வைத்து மொத்தம் 160 இருக்கைகளோடு பறந்தது. விமானி இரண்டு பேர்தான். எரிபொருளிலும் தரையிறங்கும் கட்டணத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு முறை பறந்தால் ஏர் ஏசியாவுக்கு 120 இருக்கைகள் கூடுதலாக விற்கக் கிடைக்கும். இறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. அதைக் கடைப்பிடித்தால் அந்த ஆறு முறை சிலநாள் எட்டாகும். ஒரே வகை விமானம் என்பதால் விமானிக்கும் பொறியாளருக்கும் ஒரே பயிற்சி, உதிரிப்பாகத்துக்கு ஒரே கிடங்கு. ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 2005 வாக்கில் அவர்களுக்கு ஆன செலவு இரண்டு அமெரிக்க சென்ட்டை ஒட்டி இருந்தது. உலகிலேயே மிகக் குறைவான செலவுகளில் ஒன்று அது.

அந்தக் கட்டணத்தில் பயணம் செய்தவர்களில் பலர் மலேசியா ஏர்லைன்ஸின் பழைய வாடிக்கையாளர்கள் அல்லர். நமக்கு நெருக்கமான சான்று திருச்சி. நாகப்பட்டினத்திலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு கடல்வழிப் பயணம் நின்றுபோனது. மலேசியா ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறந்தது. பெருநகரம், வணிகப் பயணி, வெளிநாட்டு இணைப்பு என்ற அதன் கணக்குக்குச் சென்னை பொருந்தியது. 2008 டிசம்பரில் இந்தியாவுக்குள் நுழைந்த ஏர் ஏசியா தன் முதல் ஊராகத் தேர்ந்தெடுத்தது டில்லியையோ மும்பையையோ அல்ல, திருச்சியை. காவிரிக்கரை மாவட்டங்களிலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலும் எத்தனை குடும்பங்களுக்கு மலேசியாவில் ஆள் இருக்கிறது என்பதை அந்தத் தேர்வு புரிந்துவைத்திருந்தது. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கவும் வருகிற மலேசியத் தமிழர், உணவகத்திலும் கட்டுமானத்திலும் வேலைக்குப் போகிறவர், இவர்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவே எப்போதும் இருந்த பயணிகள். இவர்களைத் தன் சந்தை என்று தேசிய நிறுவனம் எண்ணிப்பார்க்கவில்லை. அது போட்டியில் இழந்த பயணியைவிடக் கண்ணுக்குப் படாமல் விட்ட பயணியே அதிகம் என்று தோன்றுகிறது.

2005 டிசம்பரில் ஷெல் நிறுவனத்திலிருந்து இத்ரிஸ் ஜாலாவைத் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார்கள். அவர் பிறந்த ஊர் மேலே சொன்ன பாரியோ. அந்த ஆண்டின் ஒன்பது மாதக் கணக்கில் நட்டம் சுமார் 130 கோடி ரிங்கிட். கையிருப்புப் பணம் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. அவர் கோலாலம்பூர் நடுவில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த தலைமையகக் கட்டடத்தையே விற்றார். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக லாபநட்டக் கணக்கு எழுதச் சொன்னார். இத்தனை பெரிய நிறுவனத்தில் அது புதுப் பழக்கமாக இருந்தது என்பதே பழைய நிலைமையைச் சொல்லிவிடுகிறது. 2007இல் 85 கோடி ரிங்கிட் லாபம், அந்நிறுவனம் அதுவரை காணாத தொகை.

ஆனால் அதற்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எல்லாத் தவறுகளிலும் நெடுநாள் விளைவு உண்டாக்கியது அதுதான் என்று நினைக்கிறேன். உள்நாட்டுச் சேவையால் நட்டம் என்று சொல்லி, 2006 ஆகஸ்ட் முதல் மலேசியா ஏர்லைன்ஸ் 19 முக்கியத் தடங்களை மட்டும் வைத்துக்கொண்டது. 90க்கும் மேற்பட்ட கிளைத் தடங்கள் ஏர் ஏசியா தரப்புக்குப் போயின. காகிதத்தில் பார்த்தால் சுமை இறங்கியது. நடப்பில், உலகத் தடங்களுக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்கால்களை அது தானே அடைத்துக்கொண்டது. சிற்றூரிலிருந்து லண்டனுக்குப் போகிற பயணி இனி ஏர் ஏசியாவில் ஏறி, கோலாலம்பூரின் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று அந்த ஆண்டுதான் திறந்த தனி முனையத்தில் இறங்குவார். பெட்டியைப் பட்டையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, பேருந்து பிடித்து, சாலை வழியே சுமார் 20 கிலோமீட்டர் சுற்றி முதன்மை முனையத்துக்கு வந்து, மறுபடி வரிசையில் நின்று பெட்டியைப் போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது பயணச்சீட்டு அவர் தலையில். இப்படி அலைக்கழிந்தவர் அடுத்த முறை சிங்கப்பூர் வழியாகவோ வளைகுடா வழியாகவோ போக வழி தேடுவதில் ஆச்சரியமில்லை.

போர்னியோவின் உட்பகுதிச் சேவை ஏர் ஏசியா தரப்பின் ஃபிளை ஏஷியன் எக்ஸ்பிரஸ் என்ற புது நிறுவனத்திடம் போனது. பழைய ஃபோக்கர் விமானங்களும் டுவின் ஆட்டர்களும், மழையும் மலையும் உள்ள நிலமும் மலிவுக் கட்டணக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சபா, சரவாக் மக்களின் குறைகள் குவிந்தன. ஓராண்டு கழிந்ததும், 2007 அக்டோபரில், அந்தத் தடங்கள் மாஸ்விங்ஸ் என்ற பெயரில் தேசிய நிறுவனத்தின் கைக்கே திரும்பின. இந்த முறை அரசு அந்தத் தடங்களுக்கென்று தனியாக மானியம் கொடுத்தது. சிறிய மாற்றம்தான். ஆனால் கடமைக்கு ஒரு விலை எழுதப்பட்டது அங்கேதான்.

மற்ற இடங்களில் தடுமாற்றம் தொடர்ந்தது. 2007இல் ஃபயர்ஃபிளை என்ற துணை நிறுவனம் தொடங்கப்பட்டு, சிப்பாங்கை விட்டுத் தள்ளி இருக்கும் பழைய சுபாங் விமான நிலையத்தில் அமர்ந்தது. 2008இல், ஐந்து நட்சத்திரத் தரம் பேசிக்கொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸே, வரிகள் போக அடிப்படைக் கட்டணமே இல்லாத பயணச்சீட்டுகளை விற்று ஏர் ஏசியாவோடு மல்லுக்கு நின்றது. 2011 தொடக்கத்தில் ஃபயர்ஃபிளை ஜெட் விமானங்களோடு கூச்சிங், கோத்தா கினபாலு தடங்களில் மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசின் முதலீட்டு நிதியான கசானா நேஷனல், மலேசியா ஏர்லைன்ஸின் 20.5 விழுக்காட்டுப் பங்கை ஏர் ஏசியாவின் முதலாளிகளுக்குக் கொடுத்து, ஏர் ஏசியாவில் 10 விழுக்காட்டை வாங்கிக்கொண்டது. போட்டியாளரே பங்காளியானதும் ஃபயர்ஃபிளையின் ஜெட் சேவை அந்த ஆண்டுக்குள் மூடப்பட்டது. தொழிற்சங்கம் கொதித்தது. 2012 மே மாதம் பங்கு மாற்றமும் ரத்தானது. ஒன்பது மாதக் கூட்டணி கலைந்தபோது மலிவுக் கட்டணச் சேவையும் கையில் இல்லை, கூட்டாளியும் இல்லை. 2011இன் நட்டம் 252 கோடி ரிங்கிட்.

அந்த 2012இல்தான் 2003இல் கேட்டுவைத்த ஆறு ஏர்பஸ் 380 விமானங்களும் வரத் தொடங்கின. இரண்டு அடுக்கு விமானத்தைத் தினமும் நிரப்ப வல்ல தடம் அவர்களிடம் லண்டனைத் தவிர அதிகம் இல்லை. பின்னாளில் அவை ஹஜ் பயணிகளுக்காகப் பறந்தன, பெரும்பாலும் தரையில் நின்றன. 2013இல் மலிந்தோ என்ற இன்னொரு நிறுவனம் களத்தில் இறங்க, கட்டணம் மேலும் சரிந்தது. விலை என்னவானாலும் இருக்கை நிரம்பட்டும் என்று மலேசியா ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு முடிவெடுத்தது. இருக்கைகள் நிரம்பின. நட்டம் முந்தைய ஆண்டின் 43 கோடியிலிருந்து 117 கோடி ரிங்கிட்டாக ஏறியது. செலவு கூடிய நிறுவனம் செலவு குறைந்த நிறுவனத்தின் விலையில் விற்றால், பயணி கூடக் கூட நட்டமும் கூடும்.

2014இல் நடந்தவற்றைக் கணக்கோடு சேர்த்துப் பேசுவதே மனத்துக்கு ஒப்பவில்லை. மார்ச் 8 அன்று எம்எச் 370 விமானம் 239 பேரோடு மறைந்தது. ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் எம்எச் 17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். நிறுவனம் அதனால்தான் வீழ்ந்தது என்று உலகம் நினைப்பதால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் நட்டம் மட்டும் 410 கோடி ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. துக்கம் வந்து சேர்ந்தபோது அதைத் தாங்கும் நிதிவலு நிறுவனத்திடம் இல்லை என்பதுதான் உண்மை. அந்த ஆண்டு கசானா மீதிப் பங்குதாரர்களிடமிருந்து பங்குகளை வாங்கிய விலை பங்குக்கு 27 சென், அதாவது கால் ரிங்கிட்டைச் சற்றே தாண்டிய தொகை. நடுவில் புதுப் பங்குகள் பெருகியிருந்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பங்குக்கு 8 ரிங்கிட் கொடுத்த அதே மக்கள் பணம்தான் இது.

600 கோடி ரிங்கிட் மீட்புத் திட்டம் வகுக்கப்பட்டது. அயர்லாந்தில் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏருக்கு ஈடுகொடுத்து ஏர் லிங்கஸை நடத்திய கிறிஸ்டோஃப் முல்லர் 2015இல் வந்தார். நிறுவனம் நடைமுறையில் திவால் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தனிச் சட்டம் இயற்றி, பழைய நிறுவனத்தை மூடி, புதியதைத் தொடங்கி, 20,000 ஊழியர்களை 14,000 ஆக்கினார்கள். வேலையிழந்த ஆறாயிரம் பேரில் பெரும்பாலோர் தடங்களையோ உணவு ஒப்பந்தத்தையோ விமானக் கொள்முதலையோ முடிவுசெய்தவர்கள் அல்லர். ஐரோப்பாவில் லண்டன் மட்டும் மிஞ்சியது. உணவு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. முல்லர் ஓராண்டு சற்றுக் கடந்ததும் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த பீட்டர் பெல்லூவும் 2017இல் ரயன்ஏருக்கே திரும்பினார். பிறகு அந்நிறுவனத்திலேயே விமானியாக இருந்து உயர்ந்த இஸாம் இஸ்மாயில் பொறுப்பேற்றார். கொரோனா வந்தபோது விமானங்களை வாடகைக்கு விட்டவர்களோடு பேசி, லண்டன் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு 2021இல் 1,500 கோடி ரிங்கிட் பொறுப்புகளைத் தள்ளுபடி செய்யவைத்தார்கள். கசானா மேலும் 360 கோடி தர ஒப்புக்கொண்டது.

மலிவுக் கட்டண நிறுவனமும் அப்போது தப்பவில்லை. நெடுந்தூரச் சேவையான ஏர் ஏசியா எக்ஸ், கடன்காரர்களுக்கு நூறு ரிங்கிட்டுக்கு ஐம்பது சென் மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்தது. தாய்க் குழுமமும் 2022 தொடக்கத்தில் பங்குச் சந்தையின் நிதி நெருக்கடிப் பட்டியலில் சேர்ந்தது. 2023 அக்டோபரில் மைஏர்லைன் என்ற இன்னொரு மலிவுக் கட்டண நிறுவனம் ஒரே நாளில் சேவையை நிறுத்தியது. விமான நிலையத்தில் நின்ற பயணிகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. விமானம் ஓயாமல் பறந்தால்தான் இரண்டு சென்ட் கணக்கு நிற்கும். நின்றுவிட்டால் வாடகைப் பாக்கி இரு தரப்பையும் ஒன்றுபோலத்தான் நெரிக்கும். ஆகவே தேசிய நிறுவனத்தை மூடிவிட்டு எல்லாத் தடத்தையும் மலிவுக் கட்டணக்காரர்களிடம் விட்டுவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

2023இல் மலேசியா ஏர்லைன்ஸின் தாய் நிறுவனமான மலேசியா ஏவியேஷன் குழுமம் 76.6 கோடி ரிங்கிட் நிகர லாபம் காட்டியது. மறுசீரமைப்புக்குப் பின் முதல் லாபம். 2024இல் அது 5.4 கோடியாகச் சுருங்கியது. அந்த ஆகஸ்டில் தொடர்ச்சியாக விமானங்கள் பழுதானதை அடுத்து, விமானப் போக்குவரத்து ஆணையம் அதன் இயக்கச் சான்றிதழின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. டிசம்பர் வரை சேவைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அனுபவமுள்ள பராமரிப்புப் பணியாளர்கள் வெளியேறியதும் உதிரிப்பாகத் தட்டுப்பாடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பத்து ஆண்டாக ஆட்களையும் செலவையும் குறைத்த நிறுவனம் எந்த இடத்தில் குறைக்கக் கூடாதோ அங்கும் குறைத்துவிட்டதா என்று கேட்க இடமிருக்கிறது.

இதற்கிடையில் கடமையின் கணக்கு மெல்ல மெல்லத் தனியே பிரிந்துகொண்டிருக்கிறது. மாஸ்விங்ஸைச் சரவாக் மாநில அரசு வாங்கிக்கொள்ள 2025இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரியோவுக்கு விமானம் போக வேண்டுமா, எத்தனை முறை, என்ன விலையில் என்பதை இனி அந்த மக்களின் வாக்கு வாங்கிய அரசே தன் நிதிநிலை அறிக்கையில் எழுத வேண்டும். நோன்புப் பெருநாள் போன்ற பண்டிகைகளுக்குச் சொந்த ஊருக்குப் போகிற சபா, சரவாக் மக்களுக்காக, குறிப்பிட்ட நாட்களில் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து அதில் ஒரு பங்கை அரசே ஏற்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் மலேசியா ஏர்லைன்ஸும் இருக்கிறது, ஏர் ஏசியாவும் இருக்கிறது, மலிந்தோ பெயர் மாறிய பாத்தேக் ஏரும் இருக்கிறது.